பொருள் பட்டியல் இல்லாத புத்தகம்

அதிகாரி உட்காருவதற்காகத் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து நாற்காலி எடுத்துவர ஆள் போயிருந்தது. அது வந்து சேர்வதற்குள் அவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால்கள் இரண்டும் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டன. மடியில் எங்கள் புத்தகம், கையில் சிவப்புப் பேனா.

வெளியே மூன்றாவது நாளாக மழை விடவில்லை. அடித்துப் பெய்கிற மழையும் இல்லை, நிற்கிற மழையும் இல்லை. வகுப்பு முழுக்க ஈர ஸ்வெட்டர் வாசனை. கதவோரம் சாய்த்து வைத்த குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் கரும்பலகை வரை ஓடி வந்திருந்தது. அந்த ஈரத்தில் நின்றுகொண்டு சுகந்தி வலது கால் கட்டைவிரலால் தரையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சில இடங்களில் சிரித்தார். ஒரு பலாப்பழப் படத்தைப் பார்த்து, நல்லா இருக்கே என்றுகூடச் சொன்னார். பிறகு ஒரு பக்கத்தில் கை நின்றது. அதை இரண்டு முறை படித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இது யார் எழுதினது?"

 வகுப்பிலிருந்த அத்தனை தலைகளும் சுகந்தி பக்கம் திரும்பிவிட்டன.

"இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம், டீச்சர்" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் பழைய தலைமை ஆசிரியர் குமரேசன் சாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு நாமக்கல்லிலிருந்து போன் செய்தார். அடுத்தது அந்த மழைக் கதைதானே, நான் டீ சொல்லப் போனதை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்றார். எழுதத்தான் போகிறேன், சார்.

அதற்கு முன்னால் அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

தைலம் கேட்டேன், புத்தகம் வந்தது

என் சித்தி மகள் மலேசியாவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு மூட்டு வலித் தைலம் வாங்கி வருவாள். நான் ராமநாதபுரம் கடற்கரைக்காரி. வெயிலிலும் உப்புக் காற்றிலும் வளர்ந்த என் முழங்கால்கள் கொல்லிமலைக் குளிரை இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் அவள் தைலத்தை மறந்துவிட்டு ஓர் ஒல்லிப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். உன் பசங்களுக்கு ஆகும் என்றாள். எனக்கு முகம் தொங்கிப் போனது. முழங்காலில் புத்தகத்தையா தேய்த்துக்கொள்ள முடியும்?

பஸ்ஸில் மலை ஏறும்போது பிரித்தேன். லீ அஞ்சலை என்று பெயர் போட்டிருந்தது. பின்னட்டையில் அவர் படம். அம்மாவைக் கொண்ட சீன முகம், தலையில் இரண்டு முழம் மல்லிகை. அப்பா ரப்பர் தோட்டத்துத் தமிழர். அம்மா துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீனப் பெண். சுற்றிலும் மலாய்க்காரர்களின் வீடுகள். இந்த அம்மாள் குழந்தைகளுக்குத் தமிழில் பாட்டெழுதுகிறார். அதில் மூன்று வீட்டுச் சொற்களும் கூச்சமே இல்லாமல் கலந்து கிடக்கின்றன.

நான் வருடக்கணக்காகத் தமிழ்ப் பாடம் எடுக்கிறவள். ஒரு சொல் தெரியாவிட்டால் கை தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். அன்றும் போனது. அங்கே பொருள் பட்டியல் இல்லை, காலித் தாள்தான் இருந்தது. மேலே ஒரே ஒரு வரி: 'தெரியாத சொல்லைப் பக்கத்து வீட்டில் போய்க் கேள். கேட்டதை இங்கே எழுதிக்கொள்.'

இந்தத் திமிர் எனக்குப் பிடித்துப் போயிற்று. வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டுவதைக்கூட மறந்து, பஸ் மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்கு வந்து நிற்பதற்குள் புத்தகத்தை முடித்துவிட்டேன்.

பரீட்சைக்கு வருமா?

அறிமுகம் செய்கிறேன் பேர்வழி என்று முதல் நாள் நான் செய்த கூத்தை என்னவென்று சொல்ல? கரும்பலகையில் பெயர், பிறந்த நாடு, பெற்றோர், சிறப்பு என்று வரிசையாக எழுதிப் போட்டேன். பாடப்புத்தகத்தில் கவிஞர்களை அப்படித்தானே அறிமுகம் செய்கிறார்கள். பிள்ளைகள் சமர்த்தாக நோட்டில் பார்த்து எழுதினார்கள், அடிக்கோடு போட்டார்கள். முடிந்ததும் கோகிலா எழுந்தாள். எந்தக் கேள்வியையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண் அவள்.

"டீச்சர், இது பரீட்சைக்கு வருங்களா?"

வராது என்றேன். எல்லாரும் நோட்டை மூடி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் நோட்டும் வேண்டாம், கரும்பலகையும் வேண்டாம் என்று என்னுடைய மூன்று அடுக்கு டிபன் கேரியரை மேஜை மேல் வைத்தேன். ஒவ்வோர் அடுக்காகக் கழற்றிக்கொண்டே லீ அஞ்சலையின் பாட்டை வாயால் சொன்னேன்.

*அடித்தட்டில் அப்பாவின் ரசம்,*
*நடுத்தட்டில் அம்மாவின் மீ,*
*மேல்தட்டில் பக்கத்து வீட்டு நாசி.*
*மூடியைத் திறந்தால்*
*யார் வாசனை முதலில் வரும்?*
*சண்டை வேண்டாம், அடுக்குகளே,*
*பசி எனக்கு ஒன்றுதான்.*

மீ என்றால் என்ன, நாசி என்றால் என்ன என்று உடனே கைகள் உயர்ந்தன. எனக்குத் தெரியாது என்றேன். டீச்சருக்கே தெரியாது என்பதை நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வகுப்பிலேயே போனில் சித்தி மகளைக் கூப்பிட்டோம். ஒன்று நூடுல்ஸ், இன்னொன்று சோறு. ஒரு பிள்ளை ஓடிவந்து புத்தகத்தின் காலித் தாளில் அதை எழுதினாள்.

அடுத்து பின்னட்டைப் படத்துக்குச் சண்டை. இந்த அக்கா நேபாளம் என்றது ஒரு கூட்டம். பூ வைத்திருப்பதால் நம் ஆள்தான் என்றது இன்னொன்று. இரண்டும்தான் என்றால் வீட்டில் எந்த மொழியில் திட்டு விழும் என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. எனக்கும் அது தெரியவில்லை. இவ்வளவு எழுதியவர் அதை எழுதாமல் விட்டுவிட்டாரே என்று வகுப்பே வருத்தப்பட்டது.

பிறகு உங்கள் வீட்டுத் தூக்கில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். வாங்கிப் பார்த்தால் அத்தனை பேரும் சாம்பார் சாதம், முட்டை, உருளைக்கிழங்குப் பொரியல் என்று எழுதியிருந்தார்கள். காலையில் ராகிக் களி தின்றுவிட்டு வந்த வாய்கள் அவை. அவித்த மரவள்ளிக் கிழங்கை இலையில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்த பிள்ளைகளும் முட்டை என்றே எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுதுனா நல்லா இருக்காதுங்க டீச்சர்" என்றாள் கோகிலா.

உங்களுக்கு இதைச் சொன்னது யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் பிடுங்கிய கடுகு

நான் மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளி குண்டனி நாட்டில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது; இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். பள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் உண்டு. கோகிலாவின் அம்மா பாப்பாத்தி மிளகும் ராகியும் போடுகிற விவசாயி. பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று அந்த இடத்தைக் கொத்தி விதைத்துக் கொடுத்தார். நான் போய்ப் பார்த்தபோது ராகிப் பயிருக்கு நடுவே ஏதேதோ இலைகள் முளைத்துக் கிடந்தன. அகல இலை ஒன்று, கொடி ஓடுவது ஒன்று, நெட்டையாக நிற்பது ஒன்று. ஒரு வரிசை கிடையாது, ஒழுங்கு கிடையாது.

எனக்கு ஒழுங்கு என்றால் உயிர். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ராகியைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். சாயங்காலத்துக்குள் நிலம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்ன பணிவான பிள்ளைகள் என்று எனக்குப் பெருமை வேறு.

அகல இலை கடுகு. கொடி மொச்சை. நெட்டையாக நின்றது சோளம். எல்லா விதையையும் ஒன்றாகக் கலந்து ஒரே கையால் வீசுவதுதான் இங்கே வழக்கம். ஒவ்வொன்றும் அதது நேரத்தில் விளையும், அதது நேரத்தில் அறுப்பார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் டீச்சர் பிடுங்கச் சொல்லிவிட்டார், டீச்சரிடம் போய் இது களை இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் பாப்பாத்தி வந்து வேலியோரம் நின்று பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பரவால்லீங்க டீச்சர், ராகி இருக்குதுங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "மழை ஏமாத்திருச்சுன்னா ராகி போயிருமுங்க. மொச்சை நிக்கும். அதுக்குத்தானுங்க கலந்து போடறது" என்றார்.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. பள்ளிக்குப் பின்னால் ராகி கருகிப் போய் ஒன்றும் மிஞ்சவில்லை. சுற்றியிருந்த விளைகாடுகளில் எல்லாம் மொச்சை பூத்து நின்றது.

பயிரோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே வருடம் இதே கையால்தான் 'ஊடு' என்று எழுதிய நோட்டுகளில் எல்லாம் சிவப்பு மையால் அடித்து 'வீடு' என்று எழுதினேன். களி என்று எழுதிய ஒரு பிள்ளையிடம், வேறு நல்லதாக எழுது சாமி என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

லைன் வீட்டுப் பெண்

சுகந்தி அந்த ஜூனில்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். அப்பா அம்மா இந்த மலைக்காரர்கள்தான், சொந்த ஊர் பைல் நாடு. விளைச்சல் போதாமல் இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடகில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்கள், ஒன்பது வயதுப் பெண்ணோடு திரும்பி வந்தார்கள்.

வந்த முதல் நாளே சாப்பாட்டை 'ஊட்டா' என்று சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்த சிரிப்பில் அவள் வாய் மூடிக்கொண்டது. ஆடி போய் ஆயுத பூஜையும் போய்விட்டது. ஆஜர் சொல்வதற்குக்கூட கையை மட்டும்தான் தூக்குவாள். கூச்ச சுபாவம் என்று நான் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

டிபன் கேரியர் பாட்டு சொன்னதற்கு மறுநாள் இடைவேளையில் அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க லைன்லயும் இப்படித்தானுங்க" என்றாள்.

நான் அசையவே இல்லை. அசைந்தால் ஓடிவிடுவாளோ என்று பயம். லைன் என்றால் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த தொடர் வீடுகள். ஒரு வீட்டில் இவர்கள், ஒரு வீட்டில் கன்னடக்காரர்கள், எதிரே ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பேச்சில் மூன்று மொழியும் கலந்து வந்தது. பாதி எனக்குப் புரியவில்லை. புரியாததைக் காலித் தாளில் எழுதச் சொன்னேன். பிறகு அவளாகவே ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

*எங்க லைன்ல மழை வந்தா*
*அம்மா மழைன்னு சொல்லும்.*
*எதுத்த ஊட்டு அண்ணன் பாரிஷ்ன்னு சொல்லும்.*
*பக்கத்து ஊட்டு அஜ்ஜி*
*ஜடின்னு சொல்லிக் கதவைச் சாத்தும்.*
*பேரு எதுவானாலும்*
*ஓடு ஒழுகுறது*
*எல்லா ஊட்லயும் ஒரே மாதிரி.*

ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. வகுப்பில் அவளே படித்தாள். முதல் நாள் சிரித்த பிள்ளைகள் இந்தத் தடவை கடைசி வரியில் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. அவர்கள் வீட்டு ஓடும் ஒழுகுகிறதே!

அதற்குப் பிறகு வகுப்பைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. களி வந்தது, கிழங்கு வந்தது, சாமைச் சோறு வந்தது, ஊடு ஊடாகவே வந்தது. கோகிலா தன் அம்மா மிளகுக் கொடியைத் திட்டுகிற திட்டை அப்படியே எழுதினாள். எல்லாவற்றையும் சேர்த்துச் சாக்கு ஊசியால் தைத்து ஒரு புத்தகம் செய்தோம். கடைசியில் ஒரு காலித் தாள். அது லீ அஞ்சலைக்கு நாங்கள் செய்த மரியாதை.

மாவட்ட அளவில் பிள்ளைகளின் கையெழுத்துப் புத்தகங்களுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று தகவல் வந்தது. தேர்வானால் வகுப்பு முழுவதையும் பஸ் வைத்து நாமக்கல்லுக்கு அழைத்துப் போவார்கள். மலையை விட்டுக் கீழே இறங்கியே பார்க்காத பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள். யார் ஜன்னலோரம் உட்காருவது என்று அன்றிலிருந்தே பேச்சு. தேர்வு செய்யத்தான் அந்த அதிகாரி மழையில் ஜீப்பில் வந்திருந்தார்.

கத்தரிக்கோல்

இப்போது பெஞ்சுக்கு வருகிறேன்.

ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். இதில் பாதி தமிழே இல்லை, மீதி பேச்சு வழக்கு, கீழே பொருளும் போடவில்லை என்றார். எங்கள் கவிஞர் அப்படித்தான் எழுதுவார் என்று லீ அஞ்சலையின் புத்தகத்தைக் காட்டினேன். அவர் பின்னட்டையைப் பார்த்துவிட்டு, இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற குமரேசன் சார் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறைதான்.

அதிகாரியைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை. என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நானும் கிராமத்துக்காரன்தான் டீச்சர். காலேஜ் போனப்ப என் பேச்சைக் கேட்டு ஹாஸ்டலே சிரிச்சுது. அங்க மேடையில இந்தப் பொண்ணைப் பார்த்து யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அப்ப சிரிக்கிறவங்களைத் திருத்துங்க, சார். பொண்ணை எதுக்குத் திருத்தறீங்க?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் இருந்தால் புத்தகம் நாமக்கல் வராது, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். டீ சொல்கிறேன் என்று குமரேசன் சார் மழையிலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார். குடையைக்கூட எடுக்கவில்லை.

இவ்வளவு வாய் பேசிய நான் அடுத்து செய்ததையும் எழுதிவிடுகிறேன். வகுப்புக்குள் போய்க் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்ட முகங்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, கண்காட்சி முடிந்ததும் மறுபடி தைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் ஒருநாள் கீழே போய் வரட்டுமே.

"எடுத்துருங்க டீச்சர். நான் வேணா பஸ்ல வரலீங்க" என்றாள் சுகந்தி.

கத்தரிக்கோலின் நுனி நூலுக்குள் போய்விட்டது. அப்போது கோகிலா எழுந்தாள். எப்போதும் கேள்வி கேட்கிறவள் அன்று கேட்கவில்லை, சொன்னாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க கடுகைப் புடுங்கச் சொன்னீங்க. எங்களுக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் சொல்லாம நாங்களும் சேந்து புடுங்கிப் போட்டோம். இப்பச் சொல்றோமுங்க. புடுங்காதீங்க."

நாமக்கல் போக முடியாது கண்ணு என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவளும் எழுந்து நின்றாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.  கத்தரிக்கோலை மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

பக்கத்து வீடு

அதிகாரி டீ தம்ளரோடு திரும்பி வந்தார். பின்னாலேயே அவருடைய ஜீப் ஓட்டுநர் மாதப்பா, பனி இறங்குகிறது, வெளிச்சம் இருக்கும்போதே வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்று சொல்லியபடி வந்தார். தலையில் துண்டு போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"எடுத்தாச்சா?"

"இல்லீங்க சார். எடுக்கறதா இல்லை" என்றேன்.

வகுப்பு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். புத்தகத்தை மறுபடி கையில் எடுத்து, ஒரு கடைசி வாய்ப்புக் கொடுப்பது போல அந்தப் பக்கத்தைத் தட்டினார்.

"சரி. இந்த ஜடின்னா என்ன? அதுக்காவது பொருள் போட வேண்டாமா? படிக்கிறவன் எங்க போய்த் தெரிஞ்சுக்குவான்?"

பொருளைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். காலித் தாள்.

வந்து ஐந்து மாதம் ஆஜர்கூடச் சொல்லாமல் இருந்த பெண் தலையை நிமிர்த்தினாள்.

"பக்கத்து ஊட்ல கேளுங்க சார்" என்றாள் சுகந்தி.

  அவள் திமிராகச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் தெரியாத சொல்லுக்கு எது வழியோ அதைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் அது திமிராகவே இருந்தால் தேவலை என்று இருந்தது.

"இதாங்க சார் ஜடி."

பேசியது மாதப்பா. துண்டைத் தலையிலிருந்து எடுத்து வெளியே கை காட்டினார்.

"இந்தா பெய்யுதே, இதுதாங்க. வேகமாவும் பெய்யாது, விட்டும் தொலையாது. நாலஞ்சு நாளைக்கு இப்படியே புடிச்சுக்கும். எங்க ஊட்ல ஜடி புடிச்சுக்கிச்சுன்னுதாங்க சொல்லுவோம்."

"உங்க வீட்டிலயா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். ஓசூர்ப் பக்கமில்லீங்களா, ஊட்ல கன்னடந்தானுங்க."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடமாக ஒரே ஜீப்பில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து போய் வருகிறவர்கள் அவர்கள். இது அவருக்குத் தெரியவே தெரியாது என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். புத்தகத்தை மேஜையில் வைத்தார். வைக்கும்போது மெதுவாகத்தான் வைத்தார், அதை நான் மறுக்க மாட்டேன்.

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு டீச்சர். இது நாமக்கல் வராது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

மாதப்பா உடனே அவர் பின்னால் போகவில்லை. சுகந்தியிடம் வந்து, ஏதோ கன்னடத்தில் கேட்டார். அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். வகுப்பு வாயைப் பிளந்து பார்த்தது. பிறகு அவர் மேஜை மேலிருந்த என் பேனாவை எடுத்து, எங்கள் புத்தகத்தின் காலித் தாளில் தமிழில் நிறுத்தி நிதானமாக எழுத ஆரம்பித்தார். ஜடி என்று எழுதி, அதற்கு எதிரே நாலைந்து நாள் விடாத மழை என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அவசரமே படவில்லை.

சாவி மாதப்பாவின் பையில் இருந்தது. ஜீப் பூட்டியிருந்தது. அதிகாரி அதன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஜடி மழையில் நின்றார்.

நாமக்கல்லுக்கு நாங்கள் போகவில்லை. கண்காட்சி அன்று வேறொரு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் எங்கள் வாசல் வழியாகப் போனபோது கோகிலா அழுதாள். கூடவே நானும் அழுதேன். செய்தது சரி என்பதால் வலிக்காமல் போய்விடாது.

பத்து நாள் கழித்து, பாடத்திட்டத்தில் இல்லாத நூலை வகுப்பில் பயன்படுத்தியது ஏன், அந்தப் பக்கத்தை நீக்காதது ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன். கூடவே சுகந்தியின் பாட்டையும் நகல் எடுத்து வைத்தேன், பொருள் பட்டியல் இல்லாமல்.

நாங்கள் தைத்த புத்தகம் இப்போதும் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறது. பல கை பட்டு அட்டை பிய்ந்துவிட்டது. உள்பக்கம் ஒட்டுவதற்குக் கெட்டியான தாள் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். என்னிடம் அந்தக் கடிதம்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.